அவா அறுத்த வில்லாளர்

பிறர் எழுதிய ஒரு சிறுநூலினாலேயே உலகப் புகழ் எய்தியோர் சிலர் உளர். ஜப்பானிய வில்லாசிரியர் அவா கென்ஸோ அத்தகையோருள் ஒருவர். ஜெர்மானியத் தத்துவப் பேராசிரியர் ஒருவர் இவரிடம் வில் பயின்று, தாயகம் திரும்பி, இவர் மறைந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு நூல் எழுதினார். அந்நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. வில்லைத் தொட்டும் பாராதவர்கள்கூட அதனைத் தியான நூலாகப் போற்றிப் படித்தனர். ஆயினும் அந்நூலில் உலவும் கென்ஸோவும் உண்மையில் வாழ்ந்த கென்ஸோவும் முற்றிலும் ஒருவரே அல்லர். வாழ்ந்த மனிதர் நூலில் வருபவரைவிடத் துன்பம் மிகுதியாகப் பட்டவர்; எளிமையும் மிகுதியாக உடையவர். அவரைப் பற்றியே இக்கட்டுரை பெரிதும் பேசுகிறது.

அவரது குடிப்பெயர் தமிழ் படித்தோர் செவியில் வியப்பாக ஒலிக்கும். நம் மொழியில் அவா என்பது ஆசை. வள்ளுவப் பெருந்தகை அவா அறுத்தல் என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். குறியை அடிக்க வேண்டும் என்னும் ஆசையை விட்டொழித்தாலன்றி வில் கைவராது என்று வாழ்நாளின் பிற்பகுதி முழுவதும் கற்பித்த ஒருவருக்கு இப்பெயர் வாய்த்தது தற்செயலேயாம். இரு மொழிகளுக்கும் இச்சொல்லில் உறவு ஏதுமில்லை. தற்செயலைத் தற்செயல் என்றே கொள்ளுதல் அவருக்கும் உடன்பாடான கொள்கை என்பது பின்னர் விளங்கும்.

பிறப்பும் இளமையும்

கி.பி. 1880ஆம் ஆண்டு, ஜப்பானின் வடகிழக்கில் உள்ள மியாகி மாநிலத்தில், இஷினோமாக்கித் துறைமுகத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் கென்ஸோ பிறந்தார். (காஹோக்கு என வழங்கிய அப்பகுதி 2005இல் இஷினோமாக்கி நகரோடு இணைக்கப்பட்டது.) தொடக்கப் பள்ளிக்கு மேல் அவர் எப்பள்ளியிலும் படித்ததில்லை. ஆனால் தாமே முயன்று சீன எழுத்துகளைக் கற்றுத் தேர்ந்து, தம் 18ஆம் வயதில் அவற்றைப் பிறருக்குக் கற்பிக்கத் தனிப்பள்ளி ஒன்றைத் தொடங்கிவிட்டார். ஆயிரக்கணக்கான எழுத்துகளைக் கொண்ட அந்நெடுங்கணக்கைத் தாமே பயின்று ஆசிரியராகவும் அமர்வது எளிய செயலன்று. கற்றதை உடனே கற்பிக்க வேண்டும் என்னும் வேட்கை அவரிடம் இயல்பாகவே இருந்தது எனலாம்.

இருபது வயதளவில் இஷினோமாக்கியில் இருந்த அவா குடும்பத்துப் பெண்ணை மணந்து, நம் ஊர் வழக்கில் சொன்னால், வீட்டோடு மாப்பிள்ளையாகச் சென்றார். மனைவி வீட்டுக் குடிப்பெயரே அவருக்கும் பெயராயிற்று. அரிசியிலிருந்து கோஜி என்னும் நொதிப்பொருளைச் செய்து விற்பது அக்குடும்பத்தின் தொழில். சோயாக் குழம்புக்கும் மிஸோவுக்கும் அதுவே மூலப்பொருள். வணிகக் குடும்பத்து மருமகனாக அமைதியாக வாழ்ந்திருக்க வேண்டியவர், மணமான மறு ஆண்டிலேயே வில்லைக் கையிலெடுத்தார்.

அக்காலத்து வில்லின் நிலையைச் சிறிது விளக்குதல் வேண்டும். கி.பி. 1543இல் போர்த்துகீசியர் வாயிலாகத் துப்பாக்கி ஜப்பானுக்கு வந்தது. போர்க்களத்தில் வில் படிப்படியாகப் பின்தள்ளப்பட்டது. ஆயினும் சாமுராய் எனப்படும் மறவர் குலத்தார் அதனைக் கலையாகவும் ஒழுக்கமாகவும் போற்றி வந்தனர். 1868இல் மெய்ஜி ஆட்சி மலர்ந்து, சிற்றரசுகள் ஒழிந்து, மறவர் தம் மானியங்களை இழந்தபின், வில்லாசிரியர்களுக்குச் சோறிடுவார் இல்லாமற் போயினர். கேளிக்கைத் தெருக்களில் சிறு வில்லும் அம்பும் கொடுத்துக் காசு வாங்கும் கடைகள் பெருகி, வில்லென்றாலே நன்மக்கள் முகஞ்சுளிக்கும் நிலை ஏற்பட்டது. பழைய செண்டாய் அரசின் பணியாளராயிருந்த கிமுரா என்பவர், அழிவின் விளிம்பில் நின்ற அக்கலையின் செக்கா என்னும் மரபை அறிந்தவர். அவரிடந்தான் கென்ஸோ முதன்முதலில் பயின்றார்.

மிக விரைவாகக் கற்றார். இரண்டே ஆண்டுகளில், அம்மரபின் மறைபொருள் அனைத்தையும் கற்றுமுடித்தமைக்கு அடையாளமான முழுத் தேர்ச்சிச் சான்றினை ஆசிரியர் அவருக்கு அளித்தார். வேறு பலர் வாழ்நாளெல்லாம் காத்திருந்து பெறுவது அது. தம் வீட்டருகே பயிற்சிக்கூடம் ஒன்றை அமைத்து, இருபத்திரண்டு வயதளவில் ஆசிரியரானார்.

வில்லும் அதன் மரபும்

ஜப்பானிய வில் உலகிலுள்ள பிற விற்களினின்று வேறுபட்டது. மூங்கிலும் மரமும் அடுக்கி ஒட்டப்பட்டது. நீளம் ஏழடிக்கும் மேல். பிடிப்பவரின் தலைக்கு மேல் ஓங்கி நிற்கும். கைப்பிடி நடுவில் இராது. கீழிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கும். எனவே பிடிக்கு மேலுள்ள பகுதி நீண்டும் கீழுள்ளது குறுகியும் அமையும். நாணை விரல்நுனிகளால் இழுப்பதில்லை. மான்தோல் கையுறை அணிந்த வலக்கைக் கட்டைவிரலின் அடியில் நாணை மாட்டி இழுப்பர். அம்பு விடுபட்டதும், தேர்ந்தவர் கையில் வில் தானாகச் சுழன்று நாண் முன்கையின் வெளிப்புறம் வந்து நிற்கும்.

எய்தற் செயலை எட்டு நிலைகளாகப் பகுத்துள்ளனர். கால் ஊன்றல், உடல் நிறுத்தல், வில் ஆயத்தம், வில் உயர்த்தல், விரித்து இழுத்தல் என ஐந்து நிலைகள் கடந்தபின் வருவது ஆறாம் நிலை. வில் முழுதும் வளைந்து, அம்பு கன்னத்தருகே கிடக்க, எய்பவர் அசைவற்று நிற்கும் நிலை அது. அதற்கு அவர்கள் வழங்கும் சொல்லின் பொருள் கூடல். அடுத்து அம்பு விடுபடுதல். அதன் பெயர்ப் பொருள் பிரிதல். இறுதியாக, அம்பு சென்றபின்னும் தோற்றம் கலையாமல் நிற்றல். எஞ்சிய உள்ளம் என்பது அதன் பொருள். அகத்திணை பயின்ற நம் மாணவர்க்குக் கூடலும் பிரிதலும் புதிய சொற்களல்ல. ஒரு போர்க்கலையின் கலைச்சொற்களாக அவை அமைந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது. கூடல் தானே முதிர்ந்து பிரிதலாக வேண்டும்; எய்பவர் விரல்களைத் திறந்து பிரிவை உண்டாக்கலாகாது. இக்கலையின் கடினம் முழுவதும் இவ்வோரிடத்திலேயே அடங்கிக் கிடக்கிறது. கென்ஸோவின் வாழ்வும் இவ்விடத்திலேதான் திரும்பியது.

1910ஆம் ஆண்டு, முப்பது வயதில், அவர் செண்டாய் நகருக்குப் பெயர்ந்து புதிய கூடம் ஒன்றைத் திறந்தார். அதே காலத்தில், டோக்கியோப் பேரரசுப் பல்கலைக்கழகத்தில் வில் கற்பித்து வந்த ஹோண்டா தோஷிஸானே (1836–1917) என்னும் மூத்த ஆசிரியரிடம் மாணவராகச் சேர்ந்தார். ஓர் மரபில் முழுத் தேர்ச்சி பெற்று, தமக்கே மாணவர் பலர் இருக்க, மீண்டும் கடைநிலை மாணவராக அமர்ந்தது அவரது பண்பைக் காட்டும்.

ஹோண்டா கற்பித்தது சிக்குரின் என்னும் மரபு. பெருஞ்சாதனைகளால் பெயர் பெற்றது அது. கியோட்டோ நகரின் சன்ஜூசன்கெந்தோ கோயிலில் ஏறத்தாழ 120 மீட்டர் நீளமுள்ள தாழ்வாரம் ஒன்று உண்டு. அதன் ஒரு முனையில் அமர்ந்து, கூரையையும் தூண்களையும் தொடாமல் மறுமுனை கடக்க அம்பெய்யும் போட்டி முற்காலத்தில் நிகழ்ந்தது. 1686இல் வாஸா தைஹாச்சிரோ என்னும் இளைஞர் ஒரு பகலும் ஓர் இரவுமாக 13,053 அம்புகளை எய்து, அவற்றுள் 8,133ஐ மறுமுனை கடக்கச் செய்தார். அவர் சிக்குரின் மரபினர். அத்தகைய மரபின் வழிவந்த ஹோண்டா, கேளிக்கைக் கடைகளின் இழிவினின்று வில்லை மீட்டுக் கல்விக்கூடங்களுக்குள் கொணர்ந்தவர். வில்லை முகத்துக்கு நேரே உயர்த்தும் முறையை அவர் வகுத்தார். இன்றும் ஜப்பானில் மிகப் பலர் பின்பற்றுவது அம்முறையே.

செண்டாயிலிருந்த இரண்டாம் உயர்நிலைக் கல்லூரி கென்ஸோவைத் தன் வில்லாசிரியராக ஏற்றது. அவர் புகழ் நாடெங்கும் பரவியது. நூறு அம்பு விடுத்தால் நூறும் தைக்கும் என்னும் அளவுக்குக் கை தேர்ந்திருந்தது. 1917இல், ஜப்பானியப் போர்க்கலைகளின் தலைமை அமைப்பாகிய பெருஜப்பான் போரறக் கழகத்தின் போட்டியில் அண்மை இலக்கு, சேய்மை இலக்கு இரண்டிலும் தவறாது எய்து முதலிடம் பெற்றார். வில்லாளர் ஒருவர் விரும்பத்தக்கது யாதோ அது முழுவதும் அவருக்குக் கிட்டிவிட்டது. அவ்வாண்டிலேயே ஆசிரியர் ஹோண்டா மறைந்தார்.

ஐயம்

இவ்வேளையில்தான் அவர் உள்ளத்தில் ஐயம் வேர்கொண்டது. நூற்றுக்கு நூறும் தைப்பதால் ஆவது என்ன என்பதே அவ்வையம். தோற்றவருக்கு இவ்வையம் எழுவது இயல்பு. அதனை ஆறுதல் என்றுகூடப் பிறர் எள்ளலாம். வென்றவருக்கு, அதுவும் வெற்றியின் உச்சியில் எழுவது அரிது. தேர்வு மதிப்பெண்ணையே கல்வியென மயங்கும் நம்மனோர் சற்று நின்று கருதத்தக்க இடம் இது. இருபது ஆண்டுகளாகத் தாம் பயின்றது கைத்திறன் மட்டுமே என்றும், தலைமுறை தலைமுறையாக வரும் குடிப்பிணி போல அத்திறன் மயக்கம் வில்லாளரைப் பற்றியுள்ளது என்றும் அவர் எண்ணத் தலைப்பட்டார். ஜூடோக் கலையைக் கண்ட கானோ ஜிகோரோ, பழைய மற்போர்த் திறனை ஒழுக்க நெறியாக உயர்த்தியிருந்தார். அம்முயற்சி கென்ஸோவின் சிந்தனைக்குத் துணை நின்றது. வில் திறன் என்று வழங்கிய பெயரை விலக்கி, எய்தல் நெறி என்னும் பெயரை அவர் மேற்கொண்டார்.

1920ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அவர் நாற்பதைத் தொட்டிருந்தபோது, ஓர் இரவு நிகழ்ந்ததை அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதிய சகுராய் யசுனோசுகே விரித்துரைக்கிறார். வீட்டார் அனைவரும் உறங்கியபின் கென்ஸோ தனியே பயிற்சிக்கூடம் சென்றார். உடல் அழியினும் சரி, உண்மை காணாமல் மீள்வதில்லை என்னும் உறுதியோடு இலக்கின் முன் நின்றார். வில்லை முழுதும் வளைத்தார். அம்பு விடுபடவில்லை, அவரும் விடுவிக்கவில்லை. தசைகள் தம் எல்லையைக் கடந்தன. இனி உயிர் போயிற்று என்று எண்ணிய கணத்தில், அதுவரை கேட்டறியாத தெளிவோடு நாணொலியும் இலக்கில் அம்பு பாயும் ஒலியும் வானிலிருந்து வருவன போல் எழுந்தன. தாம் என்பது துகள் துகளாகச் சிதறிப் பல வண்ணங்களாய்ப் பரவியதாக அவர் உணர்ந்தார். அவ்வனுபவத்தைப் பெருவெடிப்பு என்று பிற்காலத்தில் அவர் குறிப்பிட்டதாகத் தெரிகிறது.

இத்தகைய அனுபவங்களைப் புறத்தார் அளந்து கூற இயலாது. களைப்பின் மிகுதியில் உடலும் மூளையும் காட்டிய மாயத்தோற்றம் என்பார் என்கட்டும். அதன்பின் அவர் வாழ்வு மாறியது என்பதே வரலாற்றுக்கு உரிய செய்தி. போட்டிகளில் மனம் செல்லவில்லை. ஒவ்வோர் அம்பும் வாழ்நாளின் இறுதி அம்பு என எய்ய வேண்டும் என்றும், எய்தலில் தன் இயல்பைத் தானே காண வேண்டும் என்றும் போதிக்கலானார். இலக்கைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. தைத்ததா இல்லையா என்று மாணவர் நோக்குவதையே குற்றமாகக் கருதினார்.

எதிர்ப்பு எழாமல் இருக்குமா? உடன் பயின்றோர் பலர் விலகினர். போரறக் கழகத்தார் ஐயுற்றனர். சிலர் அவரைப் பித்தர் என்றே ஏசினர். வில் கற்பிக்கச் சென்ற ஊர்களில் அவர்மேல் கல் விழுந்ததும் உண்டு. நாட்டின் முதல்நிலை வில்லாளராக ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் பாராட்டப்பட்டவர் அவரே என்பதை எண்ணினால் அக்கல்லின் கனம் விளங்கும். தம் கொள்கைக்கு எய்தல் நெறிப் பெருநெறி எனப் பொருள்படும் பெயரிட்டு ஓர் அமைப்பை நிறுவ அவர் முனைந்தபோது, தம் கல்லூரி மாணவர்களே அதனை எதிர்த்தனர். வில்லைச் சமயமாக்குகிறார் என்பது அவர்தம் குறை. அக்குறையில் உண்மை அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆயினும் 1927இல் அவ்வமைப்பு முறையாக நிறுவப்பெற்றது.

ஜெர்மானிய மாணவர்

யூஜென் ஹெரிகெல் (1884–1955) ஹைடல்பெர்கில் தத்துவம் பயின்றவர். கான்ட்டின் வழிவந்த சிந்தனையில் தேர்ச்சியும் கிறித்தவ மறைஞானியரிடத்து ஈடுபாடும் உடையவர். 1924இல் செண்டாயின் தோஹோக்குப் பேரரசுப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பிக்க வந்தார். ஜென் பௌத்தத்தை அறிய வேண்டும் என்பது அவர் வேட்கை. அயலார்க்கு அது நேரே கைவராது. கலையொன்றின் வழியே அணுகுக என நண்பர்கள் அறிவுறுத்தினர். அவர் மனைவி மலர் அடுக்கும் கலையையும் மைத்தூரிகை ஓவியத்தையும் தெரிந்துகொண்டார். துப்பாக்கி சுட்டுப் பழகியிருந்த ஹெரிகெல், வில்லும் அதைப் போன்றதே என்று கருதி வில்லைத் தேர்ந்தார். அக்கருத்து எவ்வளவு பிழையானது என்பதை உணர அவருக்கு ஆண்டுகள் பிடித்தன.

அதே பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்த கோமாச்சியா சோஸோ, மாணவப் பருவத்தில் கென்ஸோவிடம் வில் பயின்றவர். அவர் வாயிலாக ஹெரிகெல் விண்ணப்பித்தார். கென்ஸோ முதலில் இசையவில்லை. முன்னர் ஓர் அயல்நாட்டவருக்குக் கற்பிக்க முயன்று மனங்கசந்த அனுபவம் அவருக்கு இருந்தது. தம்மை மாணவருள் கடைசி இளையவராக நடத்தலாம் என்று ஹெரிகெல் பணிந்து கேட்டபின்னரே இசைந்தார். கோமாச்சியா மொழிபெயர்ப்பாளரானார்.

பயிற்சி இலக்கின் முன் தொடங்கவில்லை. வில்லின் நீளமளவு தொலைவில் நிறுத்திய வைக்கோல் உருளையின் முன் தொடங்கியது. அத்தொலைவில் குழந்தையும் தவறாது. எனவே தைத்தல் என்னும் கவலைக்கே அங்கு இடமில்லை. கென்ஸோ அவ்வாறே விரும்பினார். ஹெரிகெலால் வில்லை நடுக்கமின்றி இழுக்க முடியவில்லை. தோளும் கையும் இறுகின; மூச்சு முட்டியது. ஆசிரியர் வில்லை வளைத்து நிற்கையில் தம் கைத்தசைகளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அவை வேலை ஏதும் செய்யாதவை போல் தளர்ந்திருந்தன. மூச்சை மெல்ல உள்ளிழுத்து அடிவயிற்றில் நிறுத்தி வெளிவிடும் முறையை அதன்பின்னரே கற்பித்தார். இதனை முதல் நாளே சொல்லியிருக்கலாகாதா என்று ஹெரிகெல் கோமாச்சியாவிடம் கேட்டார். முதல் நாள் சொல்லியிருந்தால் அதன் அருமை விளங்கியிராது என்னும் பொருள்பட அவர் விடையிறுத்தார். ஆசிரியத் தொழிலில் இருப்போர் இவ்விடத்தை இருமுறை படிக்கலாம்.

அடுத்த தடை அம்பு விடுபடுதல். மூங்கிலிலைமேல் பனி சேர்ந்து, இலை மேலும் மேலும் தாழ்ந்து, இலை அசையாதிருக்கப் பனி மட்டும் நழுவி விழுவது போல் அம்பு விடுபட வேண்டும் என்பது கென்ஸோவின் பாடம். ஹெரிகெலின் விரல்களோ ஒவ்வொரு முறையும் வெடுக்கெனத் திறந்தன. விடாமலே விடுவது எவ்வாறு என்று அவர் தத்துவப் பேராசிரியருக்கே உரிய முறையில் வினவிக் கொண்டிருந்தார். கோடை விடுமுறையில் கடற்கரை ஊரொன்றில் தங்கித் தனியே பயின்றபோது ஓர் உபாயம் தோன்றிற்று. கட்டைவிரலை அழுத்தும் விரல்களைச் சிறிது சிறிதாகத் தளர்த்தினால், ஒரு கட்டத்தில் அம்பு தானே விடுபட்டது போல் தோன்றும். இவ்வாறு பழகி, விடுமுறை கழிந்து வந்து ஆசிரியர் முன் எய்து காட்டினார். தமக்கே மிக நன்றாக அமைந்ததாக எண்ணினார்.

கென்ஸோ மீண்டும் ஒருமுறை எய்யச் சொன்னார். இரண்டாம் அம்பு முதலதைவிட அழகாகச் சென்றது. ஆசிரியர் ஒன்றும் பேசாமல் அருகே வந்து, வில்லை வாங்கி வைத்துவிட்டு, ஹெரிகெலுக்கு முதுகு காட்டி அமர்ந்தார். பயிற்சி முடிந்தது. இனிக் கற்பிப்பதில்லை என மறுநாள் கோமாச்சியா வாயிலாகச் செய்தி வந்தது. கோமாச்சியா பலவாறு எடுத்துரைத்து மன்றாடியபின்பே கென்ஸோ மனமிரங்கினார். முதற்பாடத்திலிருந்து யாவும் மறுபடி தொடங்கின.

இந்நிகழ்ச்சியை ஹெரிகெலே மறையாமல் எழுதியிருப்பது பாராட்டத்தக்கது. தவறான எய்தலைக் கென்ஸோ பலமுறை பொறுத்தவர். சரியானது போல் காட்டிய எய்தலை மட்டும் அவர் பொறுக்கவில்லை.

நெடுநாள் கழித்து ஒருநாள், ஹெரிகெல் எய்த அம்பு ஒன்றின்பின் ஆசிரியர் தலைதாழ்த்தி வணங்கினார். அப்போது அவர் சொன்னதை, எய்தவர் நீரல்லர், அது எய்தது எனப் பொருள்படுமாறு ஹெரிகெல் குறித்துள்ளார். இந்த அது எது என்பது பற்றி மேலைநாட்டில் எழுதப்பட்டவை மிகப் பல. ஜப்பானிய ஆய்வாளர் யமதா ஷோஜி 2001இல் வெளியிட்ட ஆங்கிலக் கட்டுரையில் வேறொரு கருத்தை முன்வைத்தார். மாணவர் நன்கு செய்தபோது, அதுதான் எனப் பாராட்டும் சாதாரணத் தொடர் ஒன்று ஜப்பானியத்தில் உண்டு; அதனையே ஹெரிகெல் மறைபொருளாக மயங்கியிருக்கக்கூடும் என்பது அவர் கருத்து. மொழியாசிரியர் கண்ணோட்டத்தில் இது மிகவும் ஏற்புடையதாகவே தோன்றுகிறது. ஒரு சுட்டுப்பெயர் எழுவாயாக மாறியதனால் ஒரு தத்துவமே முளைத்துவிட்டது.

இருளில் இரண்டு அம்புகள்

நூலில் புகழ்பெற்ற நிகழ்ச்சி இனித்தான். இருபத்தெட்டு மீட்டர் தொலைவில் உள்ள, ஒரு முழத்திலும் குறைந்த அகலமுடைய வட்ட இலக்கில் எய்யத் தொடங்கியபின் ஹெரிகெலின் அம்புகள் தவறிக்கொண்டே இருந்தன. குறி பார்க்க ஆசிரியர் கற்பிக்கவுமில்லை, இசையவுமில்லை. குறி பாராமல் தைக்க முடியுமானால், கண்ணைக் கட்டிக்கொண்டும் தைக்க முடியவேண்டுமே என்று ஹெரிகெல் ஒருநாள் வாய்விட்டுக் கூறிவிட்டார். கென்ஸோ சிறிது நேரம் அவரை நோக்கியிருந்து, அன்றிரவு வருமாறு பணித்தார்.

இரவு தேநீர் அருந்தி நெடுநேரம் பேசாதிருந்தனர். பிறகு, இலக்கின் முன் மெல்லிய வத்தி ஒன்றை மட்டும் கொளுத்தி வைக்கச் செய்தார் ஆசிரியர். எய்யுமிடத்தில் வெளிச்சம், இலக்கோ இருளில் மறைந்திருந்தது. கென்ஸோ இரண்டு அம்புகளை எய்தார். ஹெரிகெல் சென்று விளக்கேற்றிப் பார்த்தபோது முதல் அம்பு இலக்கின் நடுவில் தைத்திருந்தது. இரண்டாவது, முதல் அம்பின் குதையைப் பிளந்து அதனருகே பாய்ந்திருந்தது. அன்றோடு தம் ஐயம் ஒழிந்தது என்கிறார் ஹெரிகெல்.

கென்ஸோ இந்நிகழ்ச்சியைப் பிறரிடம் சொல்லிக் கொண்டதாகத் தெரியவில்லை. 1936இல் ஹெரிகெல் பெர்லினில் ஆற்றிய உரை அச்சேறி, அதன் மொழிபெயர்ப்பு ஜப்பானுக்கு வந்தபோதுதான் கோமாச்சியாவுக்கே இச்செய்தி எட்டியது. அவர் ஆசிரியரைக் கண்டு கேட்டார். கென்ஸோ சிரித்தார். சிலவேளை விந்தையானவை நிகழ்வதுண்டு. அது தற்செயலாக நேர்ந்தது என்பதே அவர் விடை. முதன்மை மாணவராகிய அன்ஸாவா ஹெய்ஜிரோவும் ஆசிரியர் தம்மிடம் அவ்வாறே கூறியதாகவும், அத்தகைய வித்தை காட்டும் எண்ணம் தமக்கு இருந்ததில்லை என அவர் தெளிவுபடுத்தியதாகவும் சொல்லியுள்ளார்.

வியப்பூட்டும் கதைகளால் ஆசிரியரின் பெருமையை வளர்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். மாணவரும் அதனை விரும்புவர், ஆசிரியரும் பல வேளைகளில் மறுப்பதில்லை. தம்மைப் பற்றிய இத்துணைப் பெரிய கதை, அயல்நாட்டுப் பேராசிரியர் ஒருவரின் சான்றோடு அச்சில் வந்திருக்க, நோயுற்ற முதிய வயதில் அதனைச் சிரித்துத் தள்ளியதை, இருளில் எய்த இரண்டு அம்புகளைவிட அரிய செயலாக இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

பிற்காலம்

1928இல் கென்ஸோ கடுமையாக நோயுற்றார். ஓரளவு தேறினாரேனும் உடல் பழைய வலிமையை மீண்டும் பெறவில்லை. மறு ஆண்டு ஹெரிகெல் தாயகம் திரும்பினார். விடைபெறும்போது ஆசிரியர் தம் வில்லொன்றை அவருக்கு அளித்தார். ஏறத்தாழ ஆறாண்டுகள் பயின்றதாக ஹெரிகெல் எழுதினாலும், உண்மையில் பயிற்சி மூன்றாண்டுகளே நிகழ்ந்திருக்கக்கூடும் என யமதா கணக்கிடுகிறார்.

ஹெரிகெலின் பிற்கால வாழ்வைச் சொல்லாது விடுவது நேர்மையாகாது. எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்த அவர், 1937இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். 1944இல் அப்பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் ஆனார். தான் என்பதை ஒழிக்கும் கலையைப் பயின்றவர் ஒரு கொடுங்கோன்மையின் பணியில் அமர்ந்ததை யூத அறிஞர் கெர்ஷோம் ஷோலெம் 1961இல் எடுத்துக்காட்டினார். தான் ஒழிந்தால் போதாது. ஒழிந்த இடத்தில் எது வந்து அமர்கிறது என்பதும் கேட்கப்பட வேண்டும். அதற்குக் கென்ஸோவைப் பொறுப்பாக்குதல் பொருந்தாது. ஆயினும், அந்நூலைப் படிப்போர் இதனை அறிந்து படித்தல் நலம்.

1948இல் வெளிவந்த அந்நூல், 1953இல் சுஸுகி தைசெட்சுவின் முன்னுரையோடு ஆங்கிலமாயிற்று. ஜப்பானிய வில் என்றாலே ஜென் தியானம் என்னும் எண்ணம் உலகில் பரவ அதுவே காரணம். கென்ஸோவோ ஜென் மடம் எதிலும் தங்கிப் பயின்றதற்குச் சான்றில்லை. அம்மரபின் சொற்கள் சிலவற்றை அவர் ஆண்டதுண்டு. ஆனால் மாணவரைத் தியானத்தில் அமருமாறு பணித்ததில்லை. அவருக்கு வில்லே போதுமானதாக இருந்தது. ஜப்பானில் வில் பயின்ற பெரும்பாலோரும் அக்காலத்தில் ஜென்னை நாடியவரல்லர். உடலுக்கும் ஒழுக்கத்துக்குமாகப் பயின்றவரே மிகுதி.

கென்ஸோ 1939ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் காலமானார். தம் பெயர் உலகெங்கும் வழங்கப்போவதை அவர் அறியவில்லை. உலகப்போர் முடிந்தபின் நேசநாட்டுப் படையினர் ஜப்பானியப் போர்க்கலைகளைத் தடைசெய்தனர். போரறக் கழகம் கலைக்கப்பட்டது. 1949இல் அனைத்து ஜப்பான் வில்நெறிக் கூட்டமைப்பு தோன்றியபின் வில் மீண்டும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இடம்பெற்றது. அக்கூட்டமைப்பின் முறை ஹோண்டா முதலிய பல மரபுகளைத் தழுவியது. கென்ஸோவின் பெருநெறியை அது ஏற்கவில்லை. அவர் வழியை அன்ஸாவா 1970இல் மறையும்வரை கற்பித்தார். அவருடைய மாணவரான சுஹாரா கோவுன் என்னும் துறவி, காமகுரா நகரின் எங்காக்குஜி மடத்துள் சிறு கூடமொன்றில் அதனைத் தொடர்ந்தார். அக்கூடத்திலும் புதிதாக வருவோர் முதலில் நிற்பது வைக்கோல் உருளையின் முன்னேதான்.